தண்டனை இல்லாத சிறைவாசம்: அசாமின் மாவட்டச் சிறைகளும் ‘தற்காலிக’ ஏற்பாடும்

2018 ஜனவரியில் ஹர்ஷ் மந்தர் அசாமின் கோல்பாரா, கோக்ரஜார் மாவட்டச் சிறைகளுக்குச் சென்றார். அப்போது அவர் தேசிய மனித உரிமை ஆணையத்தின் சிறுபான்மையினருக்கான சிறப்புக் கண்காணிப்பாளர். அவ்விரு சிறைகளுக்குள்ளும் ‘வெளிநாட்டினர்’ என அறிவிக்கப்பட்டவர்களுக்கான தடுப்பு மையங்கள் இயங்கிவந்தன. அவருடைய அறிக்கை பதிவுசெய்த செய்திகளுள் ஒன்று, அளவில் சிறியதாயினும், முழு அமைப்பையும் விளக்கப் போதுமானது. கொலை, கொள்ளை வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள் பகற்பொழுதில் சிறை முற்றத்தில் நடக்கலாம், வேலை செய்யலாம், ஓய்வெடுக்கலாம். எக்குற்றத்துக்காகவும் தண்டிக்கப்படாத தடுப்புக்காவலர்களோ பகலிலும் கொட்டடியை விட்டு வெளியே வர அனுமதி இல்லை. அவர்கள் ‘குடிமக்களான கைதிகளோடு’ கலந்துவிடக் கூடாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

சிறை என்னும் நிறுவனம் குற்றத்தையும் தண்டனையையும் அடிப்படையாகக் கொண்டது. அதன் விதிகள் கைதியைக் கட்டுப்படுத்துகின்றன. குறைந்த அளவிலேனும் அவனுக்குச் சில உரிமைகளையும் தருகின்றன. வேலை, கூலி, தண்டனைக் குறைப்பு, பரோல், விடுதலை நாள் என்பவை அவ்வுரிமைகள். குற்றமோ தண்டனையோ இல்லாத ஒருவரை அதே சுவர்களுக்குள் அடைக்கும்போது கட்டுப்பாடுகள் மட்டும் அவர்மீது படிகின்றன. உரிமைகள் படிவதில்லை, ஏனெனில் அவை தண்டனை பெற்றவருக்காக எழுதப்பட்டவை. அசாமில் 2009 முதல் 2023 வரை மாவட்டச் சிறைகளுக்குள் நிகழ்ந்த துயரங்களுக்குத் தனிப்பட்ட அதிகாரிகளின் கொடுமையைக் காட்டிலும் இந்த அமைப்புக் கோளாறே முதற்காரணம். அதைப் பதினான்கு ஆண்டுகள் நீடிக்கச் செய்தது, ‘தற்காலிக ஏற்பாடு’ என்று அதற்குச் சூட்டப்பட்ட பெயர்.

இதன் சட்ட வேர் காலனிய ஆட்சியின் இறுதி ஆண்டில் இருக்கிறது. இந்தியா விடுதலை பெறுவதற்கு முந்தைய ஆண்டில் இயற்றப்பட்ட வெளிநாட்டினர் சட்டம், 1946, நிர்வாகத்துக்கு மிகப் பரந்த அதிகாரத்தை வழங்கியது. அதன் 3ஆம் பிரிவின்படி ஒரு வெளிநாட்டவரைக் குறிப்பிட்ட இடத்தில் வசிக்குமாறு அரசு ஆணையிடலாம். கைது செய்து தடுத்தும் வைக்கலாம். 4ஆம் பிரிவு, அவ்வாறு அடைக்கப்படுவோரின் பராமரிப்பு, ஒழுங்கு ஆகியவற்றுக்கான நிபந்தனைகளை வகுக்கும் அதிகாரத்தை அளித்தது. 9ஆம் பிரிவு மெய்ப்பிக்கும் பொறுப்பைத் தலைகீழாக மாற்றியது: ‘இவர் வெளிநாட்டவர்’ என அரசு நிறுவ வேண்டியதில்லை, ‘நான் வெளிநாட்டவர் அல்லன்’ என்பதை அந்த மனிதரே நிறுவ வேண்டும். 1958இல் மத்திய அரசு இவ்வதிகாரங்களுள் பலவற்றை மாநில அரசுகளுக்கு ஒப்படைத்தது. ஒருவரை எங்கே அடைப்பது என்ற வினா அவ்வாறுதான் மாநிலத் தலைநகருக்கும், அங்கிருந்து மாவட்ட நிர்வாகத்துக்கும் இறங்கியது. மாவட்ட நிர்வாகத்திடம் காவலோடும் பூட்டோடும் ஆயத்தமாக இருந்த ஒரே கட்டடம் மாவட்டச் சிறை.

இதற்கு ஒரு முன்னுதாரணம் 1962இல் கிடைக்கிறது. இந்திய–சீனப் போரின்போது அசாமிலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த சீன வம்சாவளியினரைக் காவல்துறை வீடு வீடாகச் சென்று அழைத்துச் சென்றது. தேயிலைத் தோட்டங்களைச் சார்ந்து வளர்ந்த மாக்கும் என்ற சிற்றூரில் தச்சர்களாகவும் கடைக்காரர்களாகவும் வாழ்ந்தவர்கள் அவர்களுள் அடங்குவர். பலரும் முதலில் அசாமின் உள்ளூர்ச் சிறைகளில் அடைக்கப்பட்டனர். பின்னர் நெடுந்தொலைவு ரயிலில் ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே அடைக்கப்பட்டோர் ஏறத்தாழ 3,000 பேர். இந்தியக் குடிமக்களாக இருந்தவர்களையும் வம்சாவளி காரணமாக வெளிநாட்டினரைப் போல நடத்த அக்காலத்தில் சட்டம் திருத்தப்பட்டது. அந்த நிகழ்வில் உள்ளூர்ச் சிறை ஒரு காத்திருப்பு அறை. மக்கள் அங்கு தங்கியது சொற்ப காலமே. முகாம் வேறிடத்தில் இருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் அதே அசாமில் சிறையே முகாமாயிற்று.

இவ்விரு காலங்களுக்கும் இடைப்பட்ட அசாமின் அரசியல் வரலாறு நன்கு அறியப்பட்டது. 1979 முதல் 1985 வரை நடந்த ‘வெளிநாட்டினர் எதிர்ப்பு’ இயக்கத்தின் முடிவில், 1985 ஆகஸ்ட் 15 அன்று அசாம் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1971 மார்ச் 25ஆம் நாளோ அதற்குப் பின்னரோ வந்தவர்களைக் கண்டறிந்து வெளியேற்ற வேண்டும் என்பது அதன் மையக் கூறு. 1983இல் இயற்றப்பட்ட சட்டவிரோதக் குடியேறிகள் (தீர்ப்பாயங்கள்வழித் தீர்மானித்தல்) சட்டம் அசாமுக்கு மட்டும் உரிய தனி நடைமுறையை வகுத்திருந்தது. அதன்கீழ் மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டுவோரிடம் இருந்தது. 1997இல் தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியல் திருத்தத்தின்போது பெரும் எண்ணிக்கையிலானவர்களின் பெயர்களுக்கு எதிரே ‘டி’ என்ற எழுத்தை இட்டது. ‘ஐயத்துக்குரியவர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து அது. 2005 ஜூலை 12 அன்று, சர்பானந்த சோனோவால் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அதன்பின் அசாமின் வழக்குகள் அனைத்தும் 1946ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் 1964ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் தீர்ப்பாய ஆணைக்கும் உட்பட்டன. மெய்ப்பிக்கும் சுமை மீண்டும் தனிமனிதரின் தோளுக்கு வந்தது.

தடுப்பு மையங்களின் உடனடித் தோற்றுவாய் 2008ஆம் ஆண்டு. வெளிநாட்டினர் என அறிவிக்கப்பட்டவர்கள் தீர்ப்புக்குப் பின் காணாமற்போய்விடுகின்றனர் என்பதைக் குவாஹாத்தி உயர் நீதிமன்றம் அவ்வாண்டில் கடுமையாகச் சுட்டிக்காட்டியது. நாடுகடத்தப்படும் வரை அவர்களைக் காவலில் வைக்க வேண்டும் என்றது. 2009 ஜூனில் அசாம் அரசு அறிவிக்கை வெளியிட்டது. முதலில் கோல்பாரா, கோக்ரஜார், சில்சார் சிறைகளின் ஒரு பகுதி தடுப்பு மையமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் தேஜ்பூர், ஜோர்ஹாட், திப்ருகர் சிறைகள் சேர்ந்தன. புதிய கட்டடம் எழும்வரை மட்டும் என்பதே அரசின் நிலைப்பாடு. அந்தக் கட்டடம் எழுந்து முதல் மனிதர் அதனுள் நுழைந்தபோது ஆண்டு 2023.

இந்தச் சிறைகளுக்குள் வந்தவர்கள் யார் என்பதில் பரவலான குழப்பம் உண்டு. 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியலில் 19,06,657 பேர் விடுபட்டனர். அந்த விடுபடல் எவரையும் நேரடியாகச் சிறைக்கு அனுப்பவில்லை. சிறைக்கு வந்தவர்கள் இரு வகையினர். ஒரு வகையினர், உரிய ஆவணமின்றி எல்லை கடந்த குற்றத்துக்காகத் தண்டனை பெற்று, அது முடிந்தபின்னும் நாடு திரும்ப இயலாமல் தங்கியவர்கள். மற்றொரு வகையினர், தாங்கள் இந்தியரே என்று வாதிட்டுத் தீர்ப்பாயத்தில் தோற்றவர்கள். அல்லது வாதிடும் வாய்ப்பே இல்லாமல் தோற்றவர்கள். 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட தகவலின்படி, 1985 முதல் 2019 பிப்ரவரி வரை ஒருதரப்பாக, அதாவது சம்பந்தப்பட்டவர் முன்னிலையாகாமலேயே, வெளிநாட்டவர் என அறிவிக்கப்பட்டவர்கள் 63,959 பேர். அறிவிப்பு கைக்கு வராதவர், வந்தும் படிக்கத் தெரியாதவர், வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர், பிரம்மபுத்திராவின் அரிப்பால் ஊரே இடம்பெயர்ந்தவர் எனப் பலரும் இவ்வெண்ணுக்குள் அடங்கக்கூடியவர்கள்.

ஆவணங்களோடு முன்னிலையானவர்களுக்கும் எழுத்துக்கூட்டல் ஓர் இடர். வாய்மொழியாகச் சொல்லப்பட்ட வங்காள அல்லது அசாமியப் பெயரை ஒவ்வொரு தேர்தலிலும் வெவ்வேறு எழுத்தர் வெவ்வேறு விதமாக எழுதினர். திருமணத்துக்குப் பின் பெண்ணின் பெயரிலுள்ள பின்னொட்டு மாறுவது அப்பகுதியின் வழக்கம். மொழியியலில் இவை இயல்பான ஒலிபெயர்ப்பு வேறுபாடுகள். தீர்ப்பாயத்தில் இவை ஐயத்துக்கான சான்றுகளாயின. பெயரின் எழுத்திலும் தேதியிலும் காணப்படும் சிறு வேறுபாடுகளைக் கொண்டு ஒருவரின் குடியுரிமையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் ஒரு வழக்கில் தெளிவுபடுத்தி, மேல்முறையீடு செய்தவர் இந்தியக் குடிமகனே எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வெளிவருவதற்கு முன்பே அந்த மனிதர் இறந்துவிட்டிருந்தார்.

இனி, சிறைக்குள் இருந்த வாழ்நிலை. தடுப்பு மையங்களுக்கெனத் தனி விதித்தொகுப்பு இல்லாததால் அசாம் சிறைக் கையேடே நடைமுறையில் ஆட்சி செய்தது. உணவின் அளவு, எழும் நேரம், பூட்டும் நேரம் யாவும் சிறைக்குரியவை. ஆனால் அதே கையேடு தண்டனைக் கைதிக்கு அளிக்கும் வேலையும் கூலியும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. உள்ளே சம்பாதிக்க வழியில்லை. வெளியே குடும்பத்தின் சம்பாத்தியமும் பெரும்பாலும் அடைபட்டவரோடு நின்றுபோயிருந்தது. கூலித் தொழிலாளர்களாகவும் சிறு விவசாயிகளாகவும் இருந்த அக்குடும்பங்கள் வழக்குச் செலவுக்காக மாட்டையும் நிலத்தையும் விற்றபின், சிறை வரை வந்து பார்த்துச் செல்லும் பயணச் செலவும் எட்டாத தொகையாயிற்று. தொலைபேசியில் பேசும் வசதி முறையாக அனுமதிக்கப்படவில்லை. வேலையோ பொழுதுபோக்கோ இல்லாமல் ஒரே அறையில் கழியும் நாட்களின் எண்ணிக்கை மட்டுமே கூடிக்கொண்டிருந்தது.

பரோலின் மறுப்பு இந்த அமைப்பின் உள்முரணை மேலும் தெளிவாக்குகிறது. பெற்றோரோ பிள்ளையோ இறந்தால் ஆயுள் தண்டனைக் கைதியும் சில நாள் விடுப்புக் கோரலாம். தடுப்புக்காவலருக்கு அவ்வாறு கோர வழியில்லை. பரோல் குடிமகனான கைதிக்கே உரியது என்பதே சிறை நிர்வாகம் மந்தருக்கு அளித்த விளக்கம். ஒருவர் குடிமகனா இல்லையா என்ற வினா உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும்போதே, தந்தையின் இறுதிச் சடங்குக்குச் செல்ல முடியாத அளவுக்கு அவ்வினாவுக்கான விடை சிறைக்குள் நடைமுறைக்கு வந்துவிட்டது.

குடும்பம் பிரிக்கப்பட்டதும் சிறைக் கட்டட அமைப்பின் நேரடி விளைவே. ஆண்களும் பெண்களும் தனித்தனியே அடைக்கப்படுவது சிறை நியதி. கோக்ரஜார் பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் உரியதாக இருந்தது. கோல்பாராவில் ஆண்கள் இருந்தனர். கணவன் ஒரு மாவட்டத்திலும் மனைவி வேறொரு மாவட்டத்திலும் இருக்க, ஒருவரையொருவர் சந்திக்க எந்த நடைமுறையும் இல்லை; இருவருமே உள்ளே இருப்பவர்கள் என்பதால் ‘பார்வையாளர்’ ஆக ஒருவராலும் முடியாது. தாயோடு சிறையில் இருக்கும் குழந்தை ஆறு வயது வரை உடனிருக்கலாம் என்பது தண்டனைக் கைதிகளுக்கான விதி. அதே விதி இங்கும் இறங்கியது. ஆறு வயதைக் கடந்த குழந்தைகள் உறவினர் வீடுகளுக்குச் சென்றனர். அவர்களுடைய சட்ட நிலை குறித்து யாரிடமும் தெளிவில்லை. கோக்ரஜார் சிறையின் பெண்கள் பகுதியில் இழவு வீட்டில் கேட்பது போன்ற இடையறாத அழுகையைக் கேட்டதாக மந்தர் எழுதினார். பல ஆண்டுகளாக அச்சிறு எல்லையைத் தாண்டாத பெண்கள் அங்கே இருந்தனர். அவருடைய அறிக்கைமீது ஆணையம் நடவடிக்கை எடுக்காத நிலையில், 2018 ஜூனில் அவர் பதவியிலிருந்து விலகி அறிக்கையைப் பொதுவெளியில் வெளியிட்டார்.

தண்டனைக் கைதியிடம் இருந்து இவர்களிடம் இல்லாமற்போனவற்றுள் மிகப் பெரியது விடுதலை நாள். காவலின் நோக்கம் நாடுகடத்தல் எனச் சட்டம் கருதியது. நாடுகடத்தலுக்கு மறுநாடு அம்மனிதரைத் தன் குடிமகன் என்று ஏற்க வேண்டும். அதற்கு அந்நாட்டில் அவருக்கு ஒரு முகவரி வேண்டும். எல்லை கடந்து வந்து பிடிபட்டவரிடம் அத்தகைய முகவரி இருக்கக்கூடும். அசாமில் பிறந்ததாகச் சொல்பவரிடம் வங்கதேச முகவரி எங்கிருந்து வரும்? ஆகவே, தான் இந்தியர் என்று உறுதியாகச் சொன்னவருக்கே காவல் மிக நீண்டது. நாடுகடத்த இயலாதவரை நாடுகடத்துவதற்காகவே அடைத்து வைத்திருத்தல் என்ற இந்தச் சுழலுக்குள் காலவரம்பு எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

2019 நவம்பரில் உள்துறை இணையமைச்சர் நாடாளுமன்றத்தில் அளித்த விடையின்படி, அசாமின் ஆறு தடுப்பு மையங்களில் 988 பேர் இருந்தனர். 2016 முதல் அவ்வாண்டு அக்டோபர் வரை 28 பேர் மையங்களிலோ அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட மருத்துவமனைகளிலோ இறந்திருந்தனர். அந்த அக்டோபரில், தேஜ்பூர் மையத்தில் இருந்த முதியவர் ஒருவர் குவாஹாத்தி மருத்துவமனையில் இறந்தபோது, குடும்பத்தினர் உடலைப் பெற மறுத்தனர். அவர் வங்கதேசத்தவர் என்றால் உடலை அங்கேயே அனுப்புங்கள். எங்களிடம் தருவதானால் இந்தியர் என அறிவியுங்கள் என்பது அவர்கள் முன்வைத்த கோரிக்கை. உயிரோடு இருந்தவரைப் பொறுத்தவரை விடை தேவைப்படாத ஒரு கேள்வியை அவருடைய உடல் பல நாட்கள் நிர்வாகத்தின் முன் நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு மே மாதத்தில், இந்திய இராணுவத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் வெளிநாட்டவர் என அறிவிக்கப்பட்டுக் கோல்பாராவுக்கு அனுப்பப்பட்டார். அவருக்கு உயர் நீதிமன்றம் விரைவிலேயே பிணை வழங்கியது. ஊடக வெளிச்சமும் வழக்கறிஞர்களும் வாய்க்காத ஏனையோர் அங்கேயே இருந்தனர்.

மந்தர் தொடுத்த பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றத்தில் எதிர்பாராத திசையில் சென்றது. தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய் விசாரணையிலிருந்து விலக வேண்டும் என்று மந்தர் கோரியதை நீதிமன்றம் ஏற்கவில்லை; 2019 மே மாதத் தொடக்கத்தில் மனுதாரர் இடத்திலிருந்து அவர் பெயரை நீக்கி, உச்ச நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவை அவ்விடத்தில் வைத்தது. மே 10 அன்று, மூன்று ஆண்டுகளுக்கு மேல் காவலில் இருந்தவர்களை நிபந்தனைகளோடு விடுவிக்கலாம் என ஆணையிட்டது. ஒவ்வொருவருக்கும் தலா ஒரு இலட்சம் ரூபாய்க்கு இரண்டு இந்தியக் குடிமக்களின் பிணை, சரிபார்க்கக்கூடிய முகவரி, கருவிழி மற்றும் விரல்ரேகைப் பதிவு, வாரம் ஒருமுறை காவல் நிலையத்தில் முன்னிலையாதல் ஆகியவை அந்நிபந்தனைகள். மாட்டை விற்று வழக்கு நடத்திய குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்பது இன்னொரு சிறைச்சுவர். 2020 ஏப்ரல் 13 அன்று, கொரோனா பெருந்தொற்றின் நெருக்கடியில், நீதிமன்றம் காலவரம்பை இரண்டு ஆண்டுகளாகவும் பிணைத் தொகையை 5,000 ரூபாயாகவும் குறைத்தது. அதன்பின்னரே மையங்களிலிருந்து நூற்றுக்கணக்கானோர் வெளியே வர முடிந்தது. இவ்வாணைகள் வெளியேறும் வாயிலைத் திறந்தனவே ஒழிய, அச்சிறைகளுக்குள் தொடர்ந்து இருக்க வேண்டியிருந்தவர்களின் வாழ்நிலையைத் தொடவில்லை.

அவ்வினாவை நேராக எதிர்கொண்டது குவாஹாத்தி உயர் நீதிமன்றம். 2020 அக்டோபர் 7 அன்று நீதிபதி அச்சிந்தியா மல்ல புஜோர் பருவா வழங்கிய ஆணை, சிறை வளாகத்தைத் தடுப்பு மையமாகப் பயன்படுத்தலாகாது என்றது. அதற்கான அடிப்படைகள் முன்னரே இருந்தன. தண்டனை முடிந்த வெளிநாட்டவரைச் சிறையிலிருந்து அகற்றி, தண்ணீர், மின்சாரம், துப்புரவு வசதிகளுள்ள வேறிடத்தில் நடமாட்டக் கட்டுப்பாட்டுடன் வைக்க வேண்டும் என்பதை பீம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியிலேயே கூறியிருந்தது. மறுமாதமே மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. 2019 ஜனவரியில் அதே அமைச்சகம் மாதிரித் தடுப்பு மையக் கையேட்டையும் அனுப்பியது. மையம் சிறைக்கு வெளியே அமைய வேண்டும், ஒரே குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது, குழந்தைகளுக்குக் காப்பகமும் கல்வியும் வேண்டும் என்பன அதில் அடக்கம். பத்தடிச் சுற்றுச்சுவரும் முள்வேலியும் அதே கையேட்டில்தான் இருக்கின்றன. அசாம் அரசோ சிறைகளைப் பயன்படுத்துவது தற்காலிக ஏற்பாடே என்று வாதிட்டது. பத்து ஆண்டுகளைக் கடந்த ஒன்றைத் தற்காலிகம் என்று கருத இயலாது என்பது நீதிமன்றத்தின் மறுமொழி.

கட்டடம் மாறும் முன் பெயர் மாறியது. 2021 ஆகஸ்டில் அசாம் அரசு ஓர் அறிவிக்கையின்வழி ‘தடுப்பு மையம்’ என்ற பெயரை ‘இடைத்தங்கல் முகாம்’ என மாற்றியது. இடைத்தங்கல் என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செல்பவர் நடுவழியில் தங்குவது. செல்லுமிடம் எதுவென்று தீர்மானிக்கப்படாதவருக்கு இச்சொல் பொருந்தாது. ஆனால் ‘தற்காலிகம்’ என்பது காலத்தைக் குறித்துச் செய்த வேலையை ‘இடைத்தங்கல்’ இடத்தைக் குறித்துச் செய்கிறது. இரண்டும் ஒரு முடிவை முன்னறிவிக்கின்றன. அம்முடிவுக்கு நாள் குறிக்கும் கடமையிலிருந்து நிர்வாகத்தை விடுவிக்கின்றன.

கோல்பாரா மாவட்டத்தின் மாட்டியாவில், ஏறத்தாழ 46 கோடி ரூபாய்த் திட்டத்தில், 3,000 பேரை அடைக்கும் கொள்ளளவோடு புதிய வளாகம் கட்டப்பட்டது. கட்டுமானத்தில் கூலி வேலை செய்தவர்களுள் தங்கள் பெயர் குடிமக்கள் பதிவேட்டில் விடுபட்டவர்களும் இருந்ததை 2019இல் செய்தியாளர்கள் பதிவுசெய்தனர். 2023 ஜனவரி 27 அன்று முதல் தொகுதியாக 68 பேர் கோல்பாரா சிறையிலிருந்து அங்கு மாற்றப்பட்டனர். ஏனைய சிறைகளிலிருந்து மற்றவர்களும் அடுத்தடுத்து வந்து சேர்ந்தனர்.

சிறையின் சுவர் நீங்கியதால் வாழ்நிலை தானாகச் சீரடையவில்லை. 2024 ஜூலையில், மாநிலச் சட்டப் பணிகள் ஆணையத்தின் அறிக்கையைப் பரிசீலித்த உச்ச நீதிமன்றம், மாட்டியாவில் போதிய தண்ணீர் இல்லை, கழிப்பிடமும் துப்புரவும் முறையாக இல்லை என்று கண்டித்தது. 2025 பிப்ரவரியில் அதே வழக்கில், வெளிநாட்டவர் என அறிவிக்கப்பட்ட 63 பேரைக் காலவரையின்றி வைத்திருப்பது ஏன், நாடுகடத்த நல்ல முகூர்த்தம் பார்த்துக் காத்திருக்கிறீர்களா என மாநில அரசைக் கேட்டது. அவர்களுடைய வெளிநாட்டு முகவரி தெரியவில்லை என்பதே அரசின் விடை. சிறைக்குள் இருந்தபோது காவலை முடிவற்றதாக்கிய அதே காரணம், புதிய கட்டடத்திலும் மாறாமல் தொடர்ந்தது.

இவ்வரலாறு தமிழ் வாசகருக்கு முற்றிலும் அயலானது அன்று. 1990களின் தொடக்கம் முதல் தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர்கள் பலர் அடைக்கப்பட்ட ‘சிறப்பு முகாம்’களும் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதே 3ஆம் பிரிவின்கீழ் இயங்கியவை. வேலூர்க் கோட்டை, செங்கல்பட்டு, பூந்தமல்லி என இடங்கள் மாறின. இன்று திருச்சி சிறப்பு முகாம் மத்தியச் சிறை வளாகத்திலேயே இருக்கிறது. வழக்கில் பிணை கிடைத்த பின்னும், தண்டனை முடிந்த பின்னும் சிறைவாசலிலிருந்து முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் அங்கே பலமுறை உண்ணாநிலைப் போராட்டம் நடத்தியிருக்கின்றனர். 2022 நவம்பரில் இராஜீவ் காந்தி கொலை வழக்கில் உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்ட இலங்கையர் நால்வரும் அம்முகாமுக்கே அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவர் 2024 பிப்ரவரியில், தாயகம் திரும்பக் காத்திருந்த நிலையிலேயே, சென்னை மருத்துவமனையில் இறந்தார். அசாமில் ‘இடைத்தங்கல்’, தமிழ்நாட்டில் ‘சிறப்பு’. அடைமொழி எதுவாயினும், ‘முகாம்’ என்ற பெயர்ச்சொல் சிறை என்ற சொல்லின் இடத்தை எடுத்துக்கொள்ளும்போது, சிறைச்சட்டம் தரும் காலவரம்பும் அச்சொல்லோடு சேர்ந்து விலகிவிடுகிறது.

2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 1946ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி அதன் இடத்தில் அமர்ந்தது. மெய்ப்பிக்கும் பொறுப்பு தனிமனிதரிடமே நீடிக்கிறது. அச்சட்டம் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், ஐயத்துக்குரிய குடியேறிகளை வைத்து விசாரிக்க மாவட்டந்தோறும் இடம் ஒதுக்குமாறு மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களைப் பணித்திருந்தது. 2025 ஜூலையில் குருகிராமின் சமுதாயக் கூடங்கள் வங்காளம் பேசும் தொழிலாளர்களை அடைக்கும் ‘தங்குமிட மையங்கள்’ ஆயின. 2009இல் போலவே, மாவட்ட நிர்வாகம் தன் கைக்கு எட்டிய கட்டடத்தை எடுத்துக்கொண்டது. அக்கட்டடம் சிறையா, சமுதாயக் கூடமா என்பதைவிட அங்கே எந்த விதிகள் ஆட்சி செய்யும், எத்தனை நாளுக்கு என்பவையே முதன்மையான வினாக்கள். கோக்ரஜார் சிறையில் அவ்வினாக்களை எழுப்பவே ஒன்பது ஆண்டுகள் கடந்தன. அதற்குள், தாயோடு அங்கே நுழைந்திருக்கக்கூடிய ஒரு கைக்குழந்தை ஆறு வயதைக் கடந்து, விதிப்படி வெளியேறியும் இருக்கும்.